இரண்டாவதாக வரும் பெயர்

பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்துச் சபையில், ஓட்டுக் கூரையும் சிமெண்டுத் தரையுமாக இருக்கும் சிறிய ஆலயமொன்றில், சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போயிருந்தேன். அன்று வேதபாடம் வாசிக்கும் முறை, பதினான்கு வயது மதிக்கத்தக்க ஒரு பையனுக்கு வந்திருந்தது. திக்குவாய் என்று தீர்த்துச் சொல்லிவிட முடியாது. ஆயினும் பகரத்தில் தொடங்கும் சொல் எதிர்ப்பட்டால் அவனுடைய உதடுகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்துவிடும். அவனுடைய துரதிர்ஷ்டம், அன்றைய பாடம் அப்போஸ்தலருடைய நடபடிகள் பதினோராம் அதிகாரம். அந்தப் பகுதியிலோ பர்னபா என்ற பெயர் ஒரு தடவைக்கு மேல் வருகிறது.

வாசித்து முடித்து இறங்கியபோது பையனுடைய முகம் சுண்டிப் போயிருந்தது. ஆராதனை கலைந்ததும் பெரியவர்கள் இரண்டொருவர் அவன் முதுகில் தட்டி, “ரொம்ப நல்லாப் படிச்சே தம்பி” என்றார்கள். அதைக் கேட்டு அவன் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டான். அது பொய் என்பது அவனுக்கும் தெரியும், சொன்னவர்களுக்கும் தெரியும். வாசலில் வேப்பமரத்தடியில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒரு கிழவி அவனைக் கைகாட்டி அழைத்தாள். “ஏங்கண்ணு, அந்த மனுசன் பேரு வர்றப்பெல்லாம் நீ நின்னு நின்னு போனியா, அப்பத்தான் யாருடா இந்த ஆளுன்னு எனக்குக் கேக்கத் தோணுச்சு. இத்தன வருசமாக் காதுல விழுந்த பேருதான், ஒரு நாளும் நெனச்சதில்ல. ஊட்டுக்குப் போயிப் பேத்தியப் படிக்கச் சொல்லிக் கேக்கோணும். அடுத்த வாரமும் நீயே படி சாமி” என்றாள். பையன் ஒன்றும் பதில் பேசவில்லை. குவியலில் கிடந்த செருப்புகளுக்குள் அவளுடையதைத் துழாவி எடுத்து வந்து, அவள் காலடியில் ஜோடி சேர்த்து வைத்தான்.

அவள் அவனைப் புகழவில்லை என்பதை நான் கவனித்தேன். நடந்ததை நடந்தபடியே சொல்லி, அவன் எதை அவமானமென்று நினைத்தானோ அதிலிருந்தே தனக்கு ஒரு நன்மை கிடைத்ததைத் தெரிவித்து, அவனுக்கு மறுபடியும் ஓர் இடத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான் அவள் செய்தது. ஆனால் அந்த ‘அவ்வளவு’க்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கியதன் பலனே இந்தக் கட்டுரை.

கொங்கு நாட்டாரைப் பற்றிப் பொதுவாக ஒன்று சொல்வதுண்டு. பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ சேர்த்து மரியாதையை வாரி வழங்குவார்கள். பாராட்டை மட்டும் வள்ளத்தில் அளந்துதான் கொடுப்பார்கள். மஞ்சள் காடு பச்சைப் பசேலென்று இடுப்புயரம் நின்றாலும், வரப்பில் நின்று பார்ப்பவர் “பரவால்லீங்க” என்று சொல்வாரேயொழிய அதற்கு மேல் ஒரு சொல் வராது; இந்தப் பக்கத்தில் அதுவே முதல் வகுப்புச் சான்றிதழ். இதை வறட்சி என்று வெளியூரார் எண்ணுவது தவறு. அளந்து கொடுக்கப்படும் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அளவில்லாமல் இறைக்கப்படும் சொல்லை யாரும் குனிந்து பொறுக்குவதில்லை. ஆனால் அளந்து கொடுக்கிறவர் சில சமயம் அளக்கவே மறந்துவிடுகிறார் என்பதும், ஆயுள் முழுவதும் ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்து அது கிடைக்காமலே கண்ணை மூடிய பிள்ளைகளும் மனைவிமாரும் இந்த மண்ணில் உண்டு என்பதும் உண்மையே.

கிறிஸ்தவர்களுக்கு இந்தக் காரியம் அவரவர் சுபாவத்துக்கு விடப்பட்டதன்று. ஒருவரையொருவர் தேற்ற வேண்டும், பலவீனரைத் தாங்க வேண்டும் என்று தெசலோனிக்கே பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்திலேயே அது கட்டளையாக நிற்கிறது. கிரேக்க மூலத்தில் இதற்கு வழங்கும் வினைச்சொல்லுக்கு ‘பக்கத்தில் வரும்படி அழைத்தல்’ என்பது நேர்ப்பொருள். பவர் ஐயரின் தலைமையில் திருத்தப்பட்டு 1871-ல் வெளியான தமிழ் வேதாகமம், இந்த ஒரே சொல்லை ஓரிடத்தில் தேற்றுதல் என்றும், மற்றோரிடத்தில் புத்திசொல்லுதல் என்றும், வேறோரிடத்தில் ஆறுதல் என்றும் பெயர்க்கிறது. பரிசுத்த ஆவியானவருக்குத் ‘தேற்றரவாளன்’ என்ற அழகிய பெயர் தமிழில் அமைந்ததும் இதே வேரிலிருந்துதான். 1995-ல் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் கூடி வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் அது ‘துணையாளர்’ என்று ஆயிற்று. ஒரே சொல்லுக்கு இத்தனை மாற்றா என்று பண்டிதர்கள் குறை சொல்லக்கூடும். என் அபிப்பிராயத்தில், பழைய மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு சொல்லில் நிலைகொள்ளாமல் போனதே நமக்கு லாபம். ஆறுதல் சொல்வதும், புத்தி சொல்வதும், தைரியம் சொல்வதும் வெவ்வேறு ஆட்கள் செய்யும் வெவ்வேறு வேலைகள் என்று நாம் வைத்திருக்கிறோம். பக்கத்தில் வந்து நிற்கிறவன் மூன்றையும் ஒரு மூச்சிலேயே செய்கிறான்.

கிழவி கேட்ட கேள்விக்கு இனி வருவோம். யார் இந்த பர்னபா? சைப்பிரசுத் தீவில் பிறந்த லேவியர், இயற்பெயர் யோசே. தமக்கிருந்த நிலத்தை விற்றுப் பணத்தை அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தவர். பர்னபா என்ற மறுபெயர் அப்போஸ்தலர் இட்டது. ஆறுதலின் மகன் என்பது அதற்குப் பொருள். அக்காலத்தில் சபையாரைத் துன்புறுத்தி வந்த சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது, அவரை நம்பி வீட்டுக்குள் சேர்க்க ஒருவரும் துணியவில்லை. பர்னபாதான் அவரைக் கைபிடித்து அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டு போய், நடந்ததை எடுத்துச் சொன்னார். பின்னர் சவுல் தம் சொந்த ஊராகிய தர்சுவுக்கு அனுப்பப்பட்டு, கண்ணுக்கு மறைவாய்ச் சில காலம் கழிந்தது. அந்தியோகியாவில் புதிய சபையொன்று தழைத்து, அதை விசாரிக்க எருசலேமிலிருந்து பர்னபா அனுப்பப்பட்டார். வேலையோ பெரிது, பெயர் கிடைக்கக்கூடிய வேலை. அதைத் தாமே நடத்தியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தர்சுவுக்குப் புறப்பட்டுப் போய், மறக்கப்பட்டிருந்த சவுலைத் தேடிக் கண்டுபிடித்துத் தம்மோடு அழைத்து வந்தார். ஒரு வருஷ காலம் இருவரும் சேர்ந்து போதித்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததை, நடபடிகளை எழுதிய லூக்கா எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. எழுதும் முறையிலேயே காட்டிவிடுகிறார். சவுலுக்குப் பவுல் என்றும் பெயர். முதலில் ‘பர்னபாவும் சவுலும்’ என்று வரும் பெயர்வரிசை, பதின்மூன்றாம் அதிகாரத்தின் நடுவே ‘பவுலும் பர்னபாவும்’ என்று திரும்பிவிடுகிறது. பிற்பாடு சில இடங்களில் பழைய வரிசை தலைகாட்டினாலும், முன்பெயர் பவுலுக்கே உரியதாகிறது. நம் பெரியோர், இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று எச்சரித்து வைத்திருக்கிறார்கள். பர்னபா இடத்தைக் கொடுத்தார்; மடம் பவுலுடையதாயிற்று. அதற்காக அவர் முகம் வாடியதாக ஒரு குறிப்பும் இல்லை. ஒருவனை மெய்யாகவே ஊக்கப்படுத்தினோமா என்று அறிய இதைவிடத் துல்லியமான தராசு எனக்குத் தெரியவில்லை: அவன் நம்மைத் தாண்டிப் போகும்போது நம் மனம் என்ன செய்கிறது? நமக்குக் கீழே இருக்கிற வரைக்கும் தட்டிக்கொடுப்பதற்குப் பெருந்தன்மை வேண்டியதில்லை.

இந்தத் தராசில் நிறுத்திப் பார்க்கக் கோயம்புத்தூர்ச் சீமையில் சில மனிதர்கள் உண்டு. சேலம் சாலையில் கோவையிலிருந்து அவிநாசிக்குப் போகிற வழியில் கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயிலைப் பார்த்திராதவர் குறைவு. 1846-ஆம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊரில் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் என்ற பிரெஞ்சுக் குருவானவர் ஆயராக அபிஷேகம் பெற்றார். பின்னர் 1850-ல் கோயம்புத்தூர் மறைமாவட்டப் பகுதியின் முதல் அப்போஸ்தலிக்கப் பிரதிநிதி ஆனார். 1842-ல் புதுச்சேரியில் வந்து இறங்கி, சேலம் பக்கத்தில் ஊழியம் செய்து, அங்கிருந்து புதுச்சேரிக் குருமடத்தின் தலைமைக்கு வந்தவர் அவர். உள்நாட்டுக் குருமாரை ஐரோப்பியருக்குக் கையாட்களாக வைத்துக்கொண்டால் போதும் என்று பலர் நினைத்திருந்த அக்காலத்தில், இந்தத் தேசத்துச் சபையை இந்தத் தேசத்துக் குருமாரே நடத்த வேண்டும், அவர்கள் எழும்பிய பின் வெளிநாட்டார் விலகிக்கொள்ள வேண்டும் என்பதைத் தம் ஆயுளின் இலட்சியமாகக் கொண்டிருந்தார். கருமத்தம்பட்டியில் குருத்துவத்துக்குப் படித்த தமிழ்ப் பிள்ளைகளை அவர் பார்த்த பார்வை, பிற்காலத்தில் தம் நாற்காலியில் உட்காரப் போகிறவர்களைப் பார்க்கும் பார்வை. சாதி ஆசாரங்களைச் சபைக்குள் எவ்வளவுக்கு அனுமதிப்பது என்ற மலபார்ச் சடங்குச் சச்சரவு அவருடைய மனச்சாட்சியை அரித்தது, பதவியைத் துறந்தார், 1855-ல் ராஜினாமா ஏற்கப்பட்டது. மறு வருஷம் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையை ஸ்தாபித்து, 1859-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் இறங்கிய ஆறு வாரத்துக்குள் காய்ச்சலில் உயிர்விட்டார். கோயம்புத்தூரில் அவர் கண்ட பலன் சொற்பமே. தட்டிக்கொடுத்தவன் கண்ணெதிரிலேயே பலன் பழுக்க வேண்டும் என்று ஏது சட்டம்?

தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர் அத்தியட்சாதீனம் 1950-ல் அமைந்தபோது அதன் முதல் பேராயராக வந்த ஏ. ஜே. அப்பாசாமி அவர்களுடைய வாழ்க்கையிலும் இப்படியொரு சந்தர்ப்பம் உண்டு. பாளையங்கோட்டையில் 1891-ல் பிறந்த அவர், முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். 1920-ல் சாது சுந்தர் சிங் அங்கு வந்தபோது, பி. எச். ஸ்ட்ரீட்டர் என்ற பேரறிஞரும் இந்தத் தமிழ் மாணவரும் சாதுவிடம் உட்கார்ந்து கேட்டு அறிந்தவற்றை 1921-ல் ஒரு புஸ்தகமாக்கினார்கள். புதிய ஏற்பாட்டு ஆராய்ச்சியில் பெயர்பெற்ற ஸ்ட்ரீட்டர், முன்னுரையின் கடைசி வரியில் மாணவருக்கு ஒரு நன்றி சொல்லி முடித்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? இன்றும் பல சர்வகலாசாலைகளில் அப்படித்தான் நடக்கிறது. அவரோ அட்டையிலேயே தம் பெயருக்குப் பக்கத்தில் அப்பாசாமியின் பெயரையும் போட்டார். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927-ல் அப்பாசாமி எழுதிய நூலையும், பின்னாளில் கோவையில் அவர் ஒன்பது வருஷம் நடத்திய ஊழியத்தையும் நினைக்கும்போது, அந்த அட்டை எனக்கு ஞாபகம் வருகிறது.

ஈரோட்டில் ஊழியம் செய்த லண்டன் மிஷன் போப்லி ஐயரின் வழி வேறு. 1830-ல் ஆடிஸ் ஐயர் கோயம்புத்தூரில் தொடங்கிய மிஷன் அது. ஆர்கன் வாத்தியமும் ஆங்கில மெட்டும்தான் தேவ ஆராதனைக்கு லட்சணம் என்றிருந்த நாளில், போப்லி தாமே மாணவராக உட்கார்ந்து நம் சங்கீதத்தைக் கற்றார். 1921-ல் இந்திய சங்கீதத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1931-ல் திருக்குறளில் தேர்ந்தெடுத்த பகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கிராமத்தில் கஞ்சிராவும் தாளமுமாய்ப் பாடும் ஒருவனிடம், ‘உன் பாட்டும் ஆலயத்துக்கு ஆகும்’ என்று துரை ஒருவர் வாயால் சொல்வதற்கும், அந்தப் பாட்டை அவனிடமே கற்றுக்கொள்வதற்கும் உள்ள தூரம் கொஞ்சமன்று.

இந்தத் தூரத்தைப் பற்றித்தான் நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மகாநாட்டில், ஐரோப்பியர் நிறைந்த சபையில், பேசினார். தியாகத்துக்காகவும் பொருளுதவிக்காகவும் அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்குச் சிநேகிதர்கள் வேண்டும் என்று கேட்டார். கேட்டவர்களில் சிலருக்கு அது சுருக்கென்று தைத்தது. இரண்டு வருஷத்துக்குப் பின் அவர் தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவியை ஏற்ற முதல் இந்தியர் ஆனார். மேலிருந்து கை நீட்டுகிறவன் உபகாரி. அவனுக்கு நன்றி சொல்லலாம். பக்கத்தில் வந்து உட்காருகிறவனிடம்தான் மனத்தைத் திறக்க முடியும்.

முகஸ்துதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சபைக் கூட்டங்களில் பொன்னாடைமேல் பொன்னாடையாகப் போர்த்தி ஒரு மனிதரை வேர்க்க வைப்பதும், ஃபிளெக்ஸ் பலகையில் அவருடைய படத்தை ஆலயக் கோபுரத்தைவிடப் பெரிதாகப் போடுவதும் நாம் தினமும் காணும் காட்சிகள். அவற்றால் போர்த்தியவருக்கும் செலவில்லை, போர்த்தப்பட்டவருக்கும் வளர்ச்சியில்லை. இனியவை கூறலுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஊக்கமுடைமைக்கும் வேறோர் அதிகாரம் வகுத்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தேன் தடவிய சொல்லெல்லாம் ஊக்கமாகிவிடாது.

துக்க வீட்டிலும் நோயாளியின் கட்டிலண்டையிலும் பேசப்படும் சொற்களோ இன்னும் சிக்கலானவை. யோபுவின் சிநேகிதர் மூவர் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் காரியம் கெட்டது. என் தமையனார் கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தபோது, ஈரோட்டிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் சபையார் வந்து பார்த்தார்கள். ஆண்டவர் அறியாமல் எதுவும் நடக்காது என்று ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான், ஆனால் இருபதாவது முறை கேட்கும்போது அந்த உண்மை காதோடு நின்றுவிடுகிறது. ஒரு நாள் பிற்பகல், மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், சபையில் என்னோடு அதிகம் பேசிப் பழகாதவர், சிங்காநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். கொஞ்ச நேரம் நின்றார். என் சட்டையைப் பார்த்தார். “நீங்க எந்திரிங்க. போயிக் குளிச்சுப்போட்டு, ஒரு வாய் சாப்புட்டுப்போட்டு வாங்க. அதுமுட்டும் நான் இங்க உக்காந்துக்கறேன்” என்று சொல்லி, நான் எழுந்த அந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது, தமையனாருடைய காலைத் தம் மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். வசனம் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

இப்படி ஒருவருக்கு ஆதரவாக நிற்பதால் சிநேகம் முறிந்துபோவதும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையன்று. பர்னபாவும் பவுலும் சேர்ந்து போன முதல் பிரயாணத்தின் நடுவில் வேலையை விட்டு வீடு திரும்பிவிட்ட மாற்கு என்ற வாலிபனை இரண்டாம் தடவையும் அழைத்துப் போகலாம் என்றார் பர்னபா. கூடாது என்றார் பவுல். எந்த மனிதருக்குப் பர்னபா இடம் வாங்கிக் கொடுத்தாரோ அந்த மனிதரே, மற்றொருவனுக்கு இடம் கொடுக்க மறுத்தார். சச்சரவு முற்றி இருவரும் பிரிந்தார்கள். பர்னபா மாற்கைக் கூட்டிக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பலேறினார். அதோடு நடபடிகளின் கதையிலிருந்தே அவர் மறைந்துபோகிறார். முதுமையில் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதியபோது, மாற்கு தமக்குப் பிரயோஜனமானவன், அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று பவுல் கேட்கிறார். அந்த வரியில் பர்னபாவின் பெயர் இல்லை.

அதே பல்லடம் பக்கத்துச் சபைக்கு அறுப்பின் பண்டிகையன்று மறுபடியும் போயிருந்தேன். கிறிஸ்தவரல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: தத்தம் காட்டிலும் வீட்டிலும் விளைந்ததில் முதற்பலனைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் அவற்றை ஏலம் போடுவார்கள், சேரும் பணம் சபைக்கு. தேங்காய்க் குலை, வாழைத்தார், மஞ்சள், முருங்கைக் கட்டு, காலைக் கட்டிய சேவல் என்று எல்லாம் வந்திருந்தன. கூலி வேலைக்குப் போகும் ஒரு விதவை, புடவைத் தலைப்பில் ஏந்தி ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து, பெரிய தார்களுக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் வைத்திருந்தாள். அது ஏலத்துக்கு எடுக்கப்பட்டபோது பந்தலில் சத்தமில்லை. பத்து ரூபாய் என்று யாரோ சிரித்துக்கொண்டு கேட்டார்கள். பம்புசெட்டும் தோப்பும் உள்ள ஒரு வீட்டு அம்மாள் எழுந்து ஒரு தொகை சொன்னாள். அது பூசணிக்காய்க்குரிய விலைதான், வள்ளல்தனம் ஒன்றும் இல்லை. ஐந்நூறு, ஆயிரம் என்று அவள் கேட்டிருக்கக்கூடும். கேட்டிருந்தால் எல்லோரும் அவளைத்தான் பார்த்திருப்பார்கள்.

காயை இடுப்பில் வைத்துக்கொண்டு, பந்தல் கலையும் வரைக்கும் இருந்து, அந்த விதவையைத் தேடிப் போனாள்.

“ஏனுங்கக்கா, இதுக்கு வெதை எங்கீங்க வாங்குனீங்க?”

“வாங்கலீங்க அம்மணி. எங்க மாமியா காலத்துலிருந்து எடுத்து வெக்கறதுங்க.”

“நானும் கடை வெதை போட்டுப் பாத்தனுங்க, பூவோட நின்னுபோகுது. எனக்கு இதுல பத்து வெதை எடுத்துத் தாங்க. எப்ப ஊனோணும், எத்தன தண்ணி கட்டோணும், எல்லாம் நீங்கதான் வந்து சொல்லோணும்.”

“ஆடிப்பட்டத்துல ஊனுனாத்தான் நிக்குங்க” என்றாள் அவள், சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, “எருக்குழி ஓரமா இடமிருக்குதுங்களா?” என்று கேட்டாள். அந்த அம்மாள் இருக்கிறது என்று சொல்ல, இருவரும் பேசிக்கொண்டே பஸ் நிற்கும் புளியமரத்தை நோக்கி நடந்தார்கள். பூசணிக்காய் அந்த அம்மாள் இடுப்பில் இருந்தது. முன்னால் நடந்தவள் விதவை.